பருப்பு வேகமாட்டேன் என்கிறது: குக்கரா, பருப்பா, தண்ணீரா?

மூணுவிசில்

வணக்கம். இதே கேள்வி முன்பே வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், சாம்பார்ப் பொடிச் சண்டைகள்தான் கிடைத்தன. அதனால் புது இழை.

கும்பகோணம் பக்கத்திலிருந்து தெற்கே ஒரு நகராட்சிக்கு வீடு மாறி ஆறு மாதம் ஆகிறது. அவருக்கு மாற்றல். வந்த நாளிலிருந்து பருப்பு வேகவில்லை. ஊரில் மூன்று விசில் விட்டால் போதும், கரண்டி பட்டாலே துவரம்பருப்பு கரைந்துவிடும். இங்கே எட்டு விசில் விட்டுத் திறந்தாலும் மேலே மஞ்சள் தண்ணீர் தனியாக நிற்கிறது, அடியில் பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கிறது. மத்தால் கடைந்தால் உடைகிறதே தவிர மசியவில்லை. சாம்பார் ஆறினதும் பருப்பெல்லாம் அடியில் இறங்கி, மேலே ரசம் மாதிரி ஆகிவிடுகிறது.

கேஸ்கெட் மாற்றியாச்சு. வெயிட் மாற்றியாச்சு. மூன்று கடையில் பருப்பு மாற்றி வாங்கியாச்சு. முன்பு நாற்பது நாள் வந்த சிலிண்டர் இப்போது முப்பதைத் தொட்டால் பெரிய விஷயம். மாமியார் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. "அங்க நான்தானே வைப்பேன், அதான்" என்று மட்டும் சொல்கிறார். கைராசி என்று ஒன்று இருப்பதை நான் நம்புவதில்லை, ஆனால் ஆறு மாதமாகக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

வத்தக்குழம்பு

பருப்பை வெந்நீரில் முக்கால் மணி நேரம் ஊற வையுங்கள். வேகும்போது மஞ்சள்தூள், துளி பெருங்காயம், அரை ஸ்பூன் நல்லெண்ணெய். புளி, தக்காளி எதுவும் பருப்பு மசியும்வரை கிட்டே வரக்கூடாது. உப்பும்தான். என் அம்மா விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடுவார்.

அரிசிம்பருப்பு

வத்தக்குழம்பு அக்கா, தக்காளி கிட்டே வரக்கூடாது என்று சொன்னால் எங்கள் கோயமுத்தூரில் பாதி வீட்டில் அடுப்பே எரியாது. அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாம் ஒன்றாகத்தான் குக்கரில் விழுகிறது. வேகாமல் போனதே இல்லை. சிறுவாணித் தண்ணீர் அப்படி.

வத்தக்குழம்பு

சிறுவாணிப் பெருமை ஆரம்பித்தாச்சு. இனி அடுத்து தாமிரபரணிக்காரர் வருவார் பாருங்கள்.

இஞ்சிப்பச்சடி

வந்துவிட்டேன். 🙂

திருநெல்வேலியில் பருப்பு வேகவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் மூணுவிசில், நீங்கள் பருப்பையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பழைய பருப்பு வேகாது. வெக்கையிலும் ஈரத்திலும் மாசக்கணக்கில் மூட்டையில் கிடந்தால் இறுகிவிடும், பிறகு எத்தனை விசில் விட்டாலும் அவ்வளவுதான். எங்கள் பக்கம் துவரையை ஊறவைத்து, செம்மண் கரைத்துப் புரட்டி, வெயிலில் காயவைத்து, பிறகு உடைப்பார்கள். செம்மண் கட்டிய பருப்பு என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கழுவக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ருசி வேறு.

மூணுவிசில்

மூன்று கடையிலுமா பழசு வைத்திருப்பார்கள்? ரேஷன் பருப்பும் போட்டுப் பார்த்தேன். அதுவும் இதே கதைதான்.

ரேஷன்கார்டு

ரேஷன் பருப்பைக் குறை சொல்லாதீர்கள். 2007-இல் இந்தச் சிறப்புப் பொது விநியோகம் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான். கிலோ 30 ரூபாய்க்கு வேறு எங்கே கிடைக்கும்? சில மாதம் துவரைக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு வரும். அதை மட்டும் துவரம்பருப்பு மாதிரி நினைத்துச் சாம்பார் வைத்தால் ஏமாற்றம்தான். கூட்டுக்குப் போடுங்கள்.

பழையபொறியாளர்

முப்பது வருடம் குடிநீர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சமையல் தெரியாது. ஆனாலும் இந்த இழையில் எனக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மா, மூன்று கேள்வி.

வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் பொருக்கு படிகிறதா? குளிக்கும்போது சோப்பு நுரைக்க அடம் பிடிக்கிறதா? எந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைக்கிறீர்கள்?

மூணுவிசில்

சார், பொருக்கு படிகிறது. தோசைத் திருப்பியால் சுரண்டி எடுக்கிறேன். தலைக்குக் குளித்தால் முடி கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. சமையலுக்குப் போர்த் தண்ணீர்தான். குடிக்க மட்டும் கேன்.

பழையபொறியாளர்

அப்படியானால் உங்கள் கையிலும் குறை இல்லை, குக்கரிலும் இல்லை. மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) மக்னீசியமும் அதிகம். அதைத்தான் கடினத் தண்ணீர் என்கிறோம். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை ஒன்று இருக்கிறது, பெக்டின் என்பார்கள். நல்ல தண்ணீரில் வெந்தால் அந்தப் பசை கரையும், பருப்பு குழையும். கடினத் தண்ணீரில் கால்சியம் போய் அந்தப் பசையோடு ஒட்டிக்கொண்டு அதை இன்னும் கெட்டியாக்கிவிடும். அப்புறம் நீங்கள் எட்டு விசில் விட்டாலும் பத்து விசில் விட்டாலும் ஒன்றுதான். சிலிண்டர்தான் தீரும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகையில்தான் பாதித் தமிழ்நாடு குடித்தனம் நடத்துகிறது.

கடைக்காரர்கள் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் கருவியை முக்கிக் காட்டுவார்கள். அது கரைந்த உப்பு மொத்தத்தை மின்கடத்தலை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லும், கடினத்தன்மையைச் சொல்லாது. அதைக் காட்டி பயமுறுத்தி இயந்திரம் விற்றால் வாங்கிவிடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரே குக்கரில் இரண்டு கிண்ணம் வைத்துப் பாருங்கள். ஒன்றில் போர்த் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர்.

மாவரைப்பான்

ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் முடிந்தது வேலை. இதற்கு எதற்கு ஆராய்ச்சி?

வத்தக்குழம்பு

சோடா போட்டால் வேகும், சரி. பருப்பில் இருக்கும் பி1 வைட்டமினும் போகும், வழவழவென்று சோப்பு வாடையும் வரும். ஓட்டல்காரர் செய்யட்டும், வீட்டில் வேண்டாம்.

மூணுவிசில்

செய்து பார்த்தேன்!

ஒரே டப்பாவிலிருந்து இரண்டு கிண்ணத்திலும் ஒரு கைப்பிடி பருப்பு. தண்ணீர் அளவும் டம்ளரால் அளந்து ஒன்று. மஞ்சள்தூள், எண்ணெய் எதுவும் போடவில்லை. கீழே போர், மேலே கேன். நான்கு விசில். மாமியாரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் திறந்தேன்.

கேன் தண்ணீர்ப் பருப்பு இதழ் விரிந்து, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினதும் வெண்ணெய். போர்த் தண்ணீர்ப் பருப்பு ஓரம்கூட மழுங்கவில்லை. நகத்தால் கிள்ளிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருக்கிறது. மாமியார் இரண்டையும் மாறி மாறி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "மேல வச்சதுனால வெந்திருக்கும்" என்றார். கிண்ணத்தை இடம் மாற்றி மறுபடி வைத்தேன். அதே முடிவு. அவர் ஒன்றும் சொல்லாமல் பூக்கட்டப் போய்விட்டார். எனக்கு அது போதும்.

ஆனால் தினமும் கேனிலேயே பருப்பு, கேனிலேயே உளுந்து என்றால் கட்டுமா? 20 லிட்டர் கேன் இரண்டு நாள் வராது.

நித்யகல்யாணி

கொதிக்கவைத்து ஆறவைத்துத் தெளிவை இறுத்துப் பருப்புக்கு வைத்தால் கொஞ்சம் குறையும். பொருக்காகப் படிகிறதே, அது தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட்ட கடினம்தான். மழைக்காலத்தில் மொட்டைமாடி முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைத் துணி கட்டிப் பிடித்து வைப்போம். அதில் காபி போட்டால் ஒரு ருசி, பருப்பு வைத்தால் ஒரு ருசி. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது எல்லார் வீட்டிலும் குழாய் மாட்டினார்கள். இப்போது எத்தனை வீட்டில் அந்தக் குழாய் எங்காவது போய்ச் சேர்கிறது?

பழையபொறியாளர்

நித்யகல்யாணி சொல்வது சரி, ஆனால் கொதிக்கவைத்தால் ஒருவகைக் கடினம்தான் போகும், இன்னொரு வகை அப்படியே நிற்கும். வீட்டு ஆர்ஓ இயந்திரம் வைத்தால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று குடம் வெளியே தள்ளும். அதைப் பாத்திரம் கழுவப் பிடித்து வைப்பவர் நூற்றில் ஒருவர்.

அது கிடக்கட்டும். அம்மா, உங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் இல்லையா?

மூணுவிசில்

குழாய் இருக்கிறது சார். காவிரிக் கூட்டுக் குடிநீர். நினைத்தால் சிரிப்பாக வருகிறது. எந்த ஆற்றங்கரையில் இருந்து வந்தேனோ அதே ஆற்றுத் தண்ணீர் என் வீட்டு வாசல்வரை குழாயில் வந்திருக்கிறது, வாசலுக்குள் வரமாட்டேன் என்கிறது. நான்கு நாளைக்கு ஒருமுறை விடியற்காலை ஐந்து மணிக்கு விடுவார்கள். நூல் மாதிரி வரும். ஒரு குடம் நிறைய இருபது நிமிடம். இரண்டாவது குடம் பாதியில் நின்றுவிடும். எங்கள் வீடு தெருக் கோடி. அதனால்தானாம்.

குடிநீர்க் கட்டணத்தை வாடகையோடு சேர்த்து ஓனர் வாங்கிக்கொள்கிறார்.

வரிகட்டுபவன்

இதுதான் நான் காத்திருந்த பதிவு. 2022-இல் சொத்து வரியைக் குறைந்தது 25 சதவீதம் ஏற்றினார்கள், பெரிய வீட்டுக்கு அதைவிட எவ்வளவோ மேலே. வரி மட்டும் ஆற்றுவெள்ளம் மாதிரி வருகிறது, தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. கவுன்சிலரைப் போய்க் கேளுங்கள். ஓட்டுக் கேட்க வந்தபோது தெருக் கோடிவரை நடந்து வந்திருப்பாரே?

தோசைக்கல்

சமையல் பகுதியில் அரசியல் வேண்டாமே. நெறியாளர் கவனிக்கவும்.

நெறியாளர்

கட்சிப் பெயர் வராதவரை இழை இங்கேயே இருக்கட்டும். தண்ணீர் இல்லாமல் சமையல் பகுதியே கிடையாது.

வரிகட்டுபவன்

நன்றி நெறியாளர் ஐயா. கட்சி எதுவானால் என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த நகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரே கிடையாது, தனி அலுவலர்கள்தான். அந்த ஐந்து வருடத்தில் யாரிடம் போய்ச் சொன்னோம்? பக்கத்துத் தெருவில் குழாய் உடைந்து இரண்டு வாரம் ஓடியது, அதை மூட ஆளில்லை.

அரிசிம்பருப்பு

சரி, இப்போது கவுன்சிலர் இருந்து மட்டும் என்ன? எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. போன் செய்தால் கணவர்தான் எடுப்பார். "நான்தான் கவுன்சிலர், சொல்லுங்க" என்பார் கூசாமல். 33 சதவீதமாக இருந்ததை 2016-இல் 50 ஆக்கினார்கள். எங்கள் வார்டில் அந்த அம்மாவின் கையெழுத்து மட்டும் 50 சதவீதம் வேலை செய்கிறது.

இஞ்சிப்பச்சடி

எல்லா இடமும் அப்படி இல்லை. எங்கள் வார்டு அம்மா காலையில் ஏழு மணிக்குக் குப்பை வண்டியோடு நடந்து வருவார். பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள்.

மேட்டுத்தெரு

நான் உண்மையைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். எங்கள் தெருவிலும் இப்படித்தான் இருந்தது. லைனில் நேராக ஒரு அரை குதிரைத்திறன் மோட்டார் வைத்தேன். இப்போது அரை மணியில் சம்ப் நிறைகிறது. பருப்பும் வேகிறது.

பழையபொறியாளர்

உங்கள் சம்ப் நிறைகிறது. உங்களுக்குக் கீழே இருக்கும் பத்து வீட்டுக் குழாயில் காற்று வருகிறது. அதுமட்டுமல்ல, குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் மோட்டார் உறிஞ்சும்போது பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அந்தத் தண்ணீரில்தான் நீங்கள் பருப்பு வேகவைக்கிறீர்கள். பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டிப்பார்கள்.

மேட்டுத்தெரு

சார், எங்கள் தெருவில் பதினொரு வீட்டில் மோட்டார் இருக்கிறது. பன்னிரண்டாவதாக வைத்தவன் நான். நான் வைக்காமல் நல்லவனாக இருந்த மூன்று வருடமும் என் மனைவி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து குடத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று வருடத்தில் ஒரு அதிகாரியும் வந்து பதினோரு மோட்டாரைப் பார்க்கவில்லை. இப்போது என்னை மட்டும் சாக்கடை என்கிறீர்கள்.

பழையபொறியாளர்

பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. பணியில் இருந்தபோதும் இதே கேள்வியை எதிர்கொண்டிருக்கிறேன். அப்போதும் பதில் இல்லை.

வத்தக்குழம்பு

மேட்டுத்தெரு அண்ணே, நீங்கள் இங்கே வெளிப்படையாகச் சொன்னதற்காகத் திட்டவில்லை. ஆனால் நான்கு மணிக்கு எழுந்தது உங்கள் மனைவி, நீங்கள் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

யாழ்கிணறு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணிதான் சீவியம். பருப்பு அவியாத கதை எங்களுக்குப் புதுசில்லை, அதனால்தானோ என்னவோ நாங்கள் மைசூர்ப் பருப்புக்கு மாறிவிட்டோம். அது தோல் இல்லாத சின்னப் பருப்பு, எந்தத் தண்ணியிலும் பத்து பதினைந்து நிமிசத்தில் அவிந்துவிடும். குக்கர்கூடத் தேவையில்லை. பருப்பு, மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், உள்ளி போட்டு அவியவிட்டு, கடைசியாகத் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி. இறக்கித் தாளிதம். பாணுக்கும் (பிரெட்) தொட்டுக்கொள்ளலாம், சோறுக்கும் விட்டுக்கொள்ளலாம்.

தண்ணி அரசியலுக்கும் குறைவில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணி கொண்டுவரும் திட்டம் வந்தபோது அங்கத்தைய விவசாயிகள் எங்கட வயலுக்கே காணாது என்று எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கும் நிலையம் தாழையடியில் 2024-இல் திறந்தார்கள். ஒரே சனம், ஒரே மாகாணம், தண்ணி என்று வந்தால் இரண்டு பக்கம்.

மூணுவிசில்

யாழ்கிணறு, மைசூர்ப் பருப்பு நாளைக்கே வாங்குகிறேன். உள்ளி என்றால் பூண்டுதானே?

யாழ்கிணறு

ஓம், பூண்டுதான்.

மூணுவிசில்

கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வார்டும் பெண்கள் வார்டு. அரிசிம்பருப்பு சொன்னதுபோலவே போனை எடுத்தது கணவர். "மேடம் வேலையா இருக்காங்க, என்னன்னு என்கிட்ட சொல்லுங்க" என்றார். சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு நேரே வீட்டுக்குப் போனேன். ஹாலில் கணவர் நாற்காலியில், எதிரே நான்கு பேர், ஏதோ சாலை ஒப்பந்தப் பேச்சு. நான் நேரே கொல்லைப்பக்கம் சமையல்கட்டு வாசலுக்குப் போய்விட்டேன். புதுசாக வந்த வாடகைக்காரி, எனக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த அம்மா உள்ளே அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார், விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுத்தபடி. அடுப்பில் குக்கர். பக்கத்தில் இரண்டு கேன். நான் தெருக் கோடி, தண்ணீர், பருப்பு என்று ஆரம்பித்தேன். பருப்பு என்றதும் நிமிர்ந்தார். "உங்க வீட்லயும் வேகலையா? நான் சோடா போட்டு வைக்கிறேன், அவருக்குத் தெரியாது" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு வார்டுக்கே தண்ணீர் விடச் சொல்லக்கூடியவர் என்று நான் நினைத்துக்கொண்டு போனவர், தன் வீட்டுப் பருப்பைச் சோடா போட்டு மறைத்து வேகவைத்துக்கொண்டிருக்கிறார். கிண்ணம் வைத்துப் பார்த்த கதையைச் சொன்னேன். அவர் எழுந்து கேன் தண்ணீரில் ஒரு கிண்ணம் வைத்தே விட்டார். விசில் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். நகர்மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசினால் பின்னால் இருந்து கணவருக்குப் போன் போகிறதாம். குடிநீர் விஷயம் மட்டும் தனக்கே தெரியும் என்பதால் அதை மட்டும் விடாமல் கேட்கிறேன் என்றார். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது, அழுத்தமும் இருக்கிறது என்றுதான் வால்வு திறப்பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அப்படியானால் எங்கே போகிறது?

சனிக்கிழமை தண்ணீர் விடும் முறை. தானே நேரில் வருவதாகச் சொன்னார்.

தோசைக்கல்

வருவார் வருவார்.

வரிகட்டுபவன்

வந்தால் எனக்கும் சொல்லுங்கள். வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். 10 ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தண்ணீர் வரவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. உங்கள் தெருவுக்கு எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை தண்ணீர் விடப்பட்டது, அதன் பதிவேட்டு நகல் வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு. 2022-இல் அதற்கு விதிகள் வந்தன. எப்போது நடக்கிறது என்று கவுன்சிலரிடமே கேட்டு வையுங்கள். முதல் வரிசையில் போய் உட்காருங்கள்.

மூணுவிசில்

வந்தார். ஐந்து மணிக்கு, வால்வுக்காரரோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. கணவர் வரவில்லை.

தெரு முனையிலிருந்து ஒவ்வொரு வீடாகக் குழாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். முதல் ஏழு வீட்டில் நன்றாக வந்தது. எட்டாவது வீட்டிலிருந்து குறைந்தது. எங்கள் வீடு பதினான்கு. வால்வுக்காரர் தரையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து எங்கள் வீட்டைப் பார்த்தார்.

எங்கள் வீட்டுச் சம்ப் மூடிக்குப் பக்கத்தில் கீழ்வீட்டு ஓனர் துளசி மாடம் வைத்திருக்கிறார். அதன் பின்னால் ஒரு பலகை. பலகைக்கு அடியில் மோட்டார், சூடாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே சாக்கு போட்டு மூடியிருந்ததால் சத்தமே வரவில்லை. ஆறு மாதமாகத் தினமும் அந்த மாடத்துக்கு முன்னால்தான் கோலம் போடுகிறேன்.

தண்ணீர் அவர் சம்பில் விழுகிறது. எங்களுக்கு மாடியில் போர்த் தண்ணீர் ஏற்றிவிடுகிறார். அவர் வீட்டு இட்லி ஏன் அப்படிப் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று நான் இரண்டு முறை வியந்து கேட்டிருக்கிறேன். "எங்க உளுந்து ஊர்லேருந்து வருது" என்பார் அவர் மனைவி.

இதில் கொடுமை என்னவென்றால், ஓனர்தான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர். போன மாதம் குடிநீர் கேட்டு மனுக் கொடுத்தபோது முதல் கையெழுத்து அவருடையது. நானும் அவருக்குக் கீழே போட்டிருக்கிறேன்.

மேட்டுத்தெரு

...

வத்தக்குழம்பு

மேட்டுத்தெரு அண்ணே, புள்ளி வைத்துவிட்டுப் போனால் எப்படி?

மேட்டுத்தெரு

என் வீட்டு மாடியிலும் ஒரு வாடகைக் குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கு என்ன தண்ணீர் போகிறது என்று நான் இதுவரை யோசித்ததில்லை. அவ்வளவுதான்.

அரிசிம்பருப்பு

அப்புறம் என்ன ஆச்சு? மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார்களா?

மூணுவிசில்

எடுக்கவில்லை. கவுன்சிலர் அம்மா ஓனரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "பறிமுதல்னு எழுதினா இணைப்பே போயிடும், மேல இருக்கற பிள்ளைங்களுக்கும் கிடைக்காது. நீங்களே கழட்டுங்க" என்றார். அவர் கழற்றினார். அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இருக்கிறது என்று வால்வுக்காரருக்குத் தெரியும், அந்த வீடுகள் யாருடையவை என்றும் தெரியும். அந்த இரண்டைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த முறை தண்ணீர் விட்டபோது ஆறு குடம் பிடித்தேன். நூல் இல்லை, சுண்டுவிரல் கனம். ஆறும் பருப்புக்கும் உளுந்துக்கும் மட்டும் என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஓனர் பேசுவதில்லை. நேற்று மனைவி மூலமாக, அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஆயிரம் கூட என்று சொல்லி அனுப்பினார்.

வரிகட்டுபவன்

எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா? இருந்தால் அதில் உள்ளபடிதான் ஏற்ற முடியும். 2017-இல் போட்ட வாடகைச் சட்டம் 2019-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியங்களை ஓனர் நிறுத்தவும் கூடாது. ஒப்பந்தத்தைப் பத்திரமாக வையுங்கள். இல்லையென்றால் இப்போதே எழுதச் சொல்லுங்கள்.

நித்யகல்யாணி

சட்டம் எல்லாம் சரி. மேல்மாடியில் குடியிருந்துகொண்டு கீழே இருப்பவரோடு சட்டம் பேசுவது எவ்வளவு சங்கடம் என்று குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் விட்டுப் பேசுங்கள். போகும்போது ஒரு கிண்ணம் சாம்பார் எடுத்துக்கொண்டு போங்கள்.

வத்தக்குழம்பு

கேன் தண்ணீர்ச் சாம்பாரா, காவிரிச் சாம்பாரா?

இஞ்சிப்பச்சடி

மாமியார் என்ன சொல்கிறார்?

மூணுவிசில்

ஒப்பந்தம் இருக்கிறது, பதினோரு மாதத்துக்கு. இன்னும் ஐந்து மாதம் பாக்கி.

மாமியார் நேற்று இரண்டாவது முறை சாம்பார் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு, "பருப்பு இன்னும் அரை விசில் கம்மியா வச்சிருக்கலாம், குழைஞ்சுபோச்சு" என்றார்.

அடுப்பில் குக்கர் இருக்கிறது. இரண்டு விசில் வந்தாச்சு. அப்புறம் வருகிறேன்.